பட்டா யார் கையில், பதிவேடு யார் கையில்?

கேள்வி: நியூ ஜெர்சியில் பதினாறு வருடமாக இருக்கிறேன். மென்பொருள் வேலை. மகன் பள்ளியில் அமெரிக்க வரலாறு படிக்கப் போக, எனக்கும் அந்தப் பித்து பிடித்துக்கொண்டது. போன வாரம் இணைய ஏலம் ஒன்றில், அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்திட்ட 1835ஆம் வருட ஓஹியோ நிலப் பத்திரம் ஒன்றை 1,400 டாலருக்கு எடுத்தேன். தோலில் அச்சடித்தது, முத்திரை இருக்கிறது, சர்டிஃபிகேட்டும் தந்திருக்கிறார்கள். கையெழுத்துக்குக் கீழே டொனல்சன் என்று ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று விற்றவர் விவரம். முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாமாம். "இந்தப் பணத்துக்குத் தங்கமாவது வாங்கியிருக்கலாம்" என்கிறார் மனைவி. நான் செய்தது சரிதானா? இதை லேமினேட் செய்து ஹாலில் மாட்டலாமா? பிற்காலத்தில் காரைக்குடி வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? இது போல மேலும் வாங்க எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன், முப்பது நாளில் ஏழு ஏற்கெனவே போய்விட்டது. உங்களிடம் இருப்பது அசல் பத்திரம். ஆனால் அதில் ஜாக்சன் கையெழுத்து இல்லை.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "ஆண்ட்ரூ ஜாக்சன்" என்ற வரியில் உள்ள 'ஜே' எழுத்தையும், அதற்குக் கீழே "ஏ. ஜே. டொனல்சன்" என்பதில் உள்ள 'ஜே'யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே வளைந்து, கீழே இறங்கி, இடப்பக்கம் சுழித்துத் திரும்புகிற விதம் இரண்டிலும் ஒன்று. மையின் நிறமும் ஒன்று. இரண்டு வரியையும் ஒரே மூச்சில் எழுதியது ஒரே கை. டொனல்சன் பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் "பை" (By) என்று இரண்டெழுத்து இருக்கிறதே, அதை விற்றவர் எப்படிச் சாட்சி என்று படித்தாரோ தெரியவில்லை. "அதிபருக்காக, இன்னார் மூலம்" என்று அர்த்தம். பெயருக்குப் பின்னால் செயலர் என்பதன் சுருக்கமும் இருக்கிறது.

இதில் மோசடி எதுவும் இல்லை, அந்தக் காலத்துச் சட்டமே அப்படி. அமெரிக்க அரசு தன் பொது நிலத்தை விற்றபோது, வாங்கியவருக்கு அதிபரே கையெழுத்திட்டுப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்பது ஆரம்ப கால முறை. மக்கள் மேற்கே போகப் போக விற்பனை பெருகியது. ஜாக்சன் காலத்தில் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்த பத்திரங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துபோயின. ஆகவே 1833 மார்ச் 2ஆம் தேதி ஒரு சட்டம் வந்தது: நிலப் பத்திரங்களில் அதிபர் பெயரை எழுத ஒரு செயலரை வைத்துக்கொள்ளலாம். அந்த வேலைக்கு வந்தவர்தான் ஆண்ட்ரூ ஜாக்சன் டொனல்சன். ஜாக்சன் மனைவியின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை, ஜாக்சன் வீட்டிலேயே வளர்ந்தவர். ஆக, 1833 மார்ச்சுக்கு முந்தைய நிலப் பத்திரம் என்றால் அதிபர் கை. பிந்தையது என்றால் அநேகமாக எல்லாமே செயலர் கை, அது வான் பியூரன் ஆனாலும் லிங்கன் ஆனாலும். இந்த ஒரு தேதியை மனப்பாடம் செய்துகொண்டால் போதும், இந்தத் துறையில் புதிதாக வருகிறவர்கள் விடுகிற பணத்தில் பாதி மிஞ்சும்.

செயலர் கையெழுத்துள்ள பத்திரம் என் அனுபவத்தில் நூறு, நூற்றைம்பது டாலர் சரக்கு. அதிபரே போட்ட கையெழுத்து என்றால் மன்றோ, ஜான் குவின்சி ஆடம்ஸ் காலத்து நிலப் பத்திரங்கள் நல்ல நிலையிலேயே ஆயிரம் டாலருக்குள் அகப்படும். நீங்கள் கொடுத்த 1,400க்கு அந்த இரண்டில் ஒன்று வந்திருக்கும். இன்றே விற்றவருக்கு எழுதுங்கள். சண்டை வேண்டாம். "சாட்சி என்று விவரித்திருக்கிறீர்கள், இது செயலர் கையெழுத்து, விவரம் தவறு, திருப்பி அனுப்புகிறேன்" என்று மூன்று வரி போதும். சர்டிஃபிகேட்டைப் பற்றிக் கேட்டால், அதை எழுதிக் கொடுத்ததும் விற்றவரேதான் என்பதைக் கவனித்தீர்களா? மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளையே நற்சான்று கொடுத்த கதை.

உங்கள் மனைவிக்கு என் பதில்: தங்கம் வாங்கியிருக்கலாம் என்பது உண்மைதான். இதை முதலீடு என்று நினைத்து இறங்க வேண்டாம். ஏல நிறுவனம் வாங்குபவரிடமும் கமிஷன் எடுக்கும், விற்பவரிடமும் எடுக்கும். வாங்கிய விலைக்கே விற்றாலும் கையைக் கடிக்கும்.

இனி, எங்கிருந்து ஆரம்பிப்பது என்ற கேள்வி. கையெழுத்து யாருடையது என்று பார்ப்பதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் ஊரில் நிலம் வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பட்டா நம் பெட்டியில் இருக்கும். கிராமத்து நிலக் கணக்கான 'அ' பதிவேடு அரசு அலுவலகத்தில் இருக்கும். பட்டாவை நாம் விற்கலாம், கிழிக்கலாம், சட்டம் போட்டு மாட்டலாம். பதிவேட்டின் ஒரு பக்கம் யாராவது வீட்டு ஹாலில் தொங்கினால் அது திருட்டு. அமெரிக்க ஆவணங்களும் அப்படியேதான். ஒரு தாள் கையில் வந்ததும் கேளுங்கள்: இது அரசு யாருக்காவது கொடுத்த தாளா, அரசு தனக்கென வைத்துக்கொண்ட தாளா?

உங்கள் நிலப் பத்திரம் முதல் வகை. வாங்கிய விவசாயிக்குப் போனது, அவர் பேரன் விற்றான், யாரும் கேட்க முடியாது. அதன் பதிவேட்டுப் பிரதி இன்னும் அரசிடம் இருக்கிறது. நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில், 1788 முதல் வழங்கப்பட்ட ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நில உரிமைப் பதிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். மாநிலத்தையும் நிலம் வாங்கியவர் பெயரையும் கொடுத்துத் தேடுங்கள், உங்கள் ஓஹியோக்காரரும் அகப்படுவார். ஒரு எச்சரிக்கை: அங்கே தெரிகிற கையெழுத்து குமாஸ்தா பதிவேட்டில் எழுதிக்கொண்ட நகல். "இணையத்தில் உள்ள கையெழுத்து வேறு மாதிரி இருக்கிறதே, என்னுடையது போலியா" என்று மாதத்துக்கு ஒருவராவது எனக்கு எழுதுகிறார்.

இரண்டாவது வகையில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வட கரோலினா மாநிலத்தைப் பார்க்க வேண்டும். 1767, 1768ஆம் வருடங்களைச் சேர்ந்த இரண்டு குற்றப்பத்திரிகைகள் ஏலத்தில் வந்தன. போட்டிருந்தது வில்லியம் ஹூப்பர் கையெழுத்து. பின்னாளில் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட 56 பேரில் ஒருவர், அப்போது மன்னர் தரப்பு வழக்கறிஞர். ஒரு வணிகர் பணம் கொடுத்து முறையாக வாங்கினார். மாநில அரசு வழக்குப் போட்டது. 1977இல் மாநில உச்ச நீதிமன்றம், இவை நீதிமன்றத்தின் பதிவேடுகள், அரசு தானாக விட்டுக்கொடுத்ததாக எந்த ஆதாரமும் இல்லை, ஆகவே அரசுக்கே சொந்தம் என்று தீர்த்தது. இருநூறு வருடத்துக்குப் பிறகு! நம் ஊர்ச் சொத்து வழக்குக்கு நிகர்.

அதே மாநிலம்தான் தன் உரிமைச் சாசனப் பிரதிக்காகவும் (மக்களின் உரிமைகளைச் சொல்லும் அரசியல் சாசனத் திருத்தங்கள்) விடாமல் நின்றது. 1789இல் மாநிலங்களுக்கு ஒவ்வொன்று, மத்திய அரசுக்கு ஒன்று என 14 பிரதிகள் எழுதப்பட்டன. வட கரோலினாவின் பிரதியை 1865இல், உள்நாட்டுப் போர் முடிகிற நேரத்தில், தலைமைச் செயலகத்திலிருந்து வடபுலப் படைவீரர் ஒருவர் எடுத்துப் போய்விட்டார். 2003இல் பிலடெல்பியாவில், வாங்குபவர்கள் போல நடித்து எஃப்.பி.ஐ. அதைக் கைப்பற்றியது. இடையில் 138 வருடம்.

இதே வட கரோலினாவில் 2022இல் பழைய பண்ணை வீடு ஒன்றை ஒழித்துக்கொண்டிருந்தபோது, பழைய நாற்காலிகள் அடைந்து கிடந்த ஓர் அறையில் இரண்டு இழுப்பறை கொண்ட இரும்பு அலமாரி. மேலே மரத்துக்குச் சாயம் பூசுகிற டப்பா. உள்ளே 1787ஆம் வருட அரசியல் சாசனத்தின் அச்சுப் பிரதி, காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றம்) செயலர் சார்லஸ் தாம்சன் கையெழுத்துடன். மாநிலங்கள் ஏற்றுக்கொள்வதற்காக அனுப்பப்பட்ட பிரதிகளில் ஒன்று. அந்த வீடு அப்போதைய ஆளுநர் சாமுவேல் ஜான்ஸ்டனுடையது. 2024 அக்டோபரில் 90 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இதற்கு முன்பு இது போன்ற பிரதி ஒன்று விற்பனைக்கு வந்தது 1891இல், விலை 400 டாலர். (மனைவியிடம் இதைக் காட்டாதீர்கள். அடுத்து நீங்கள் ஒவ்வொரு பழைய அலமாரியையும் திறக்கப் போவீர்கள்.)

கொடுத்த தாள், வைத்துக்கொண்ட தாள் என்பது எப்போதும் சுவர் எழுப்பினாற்போலத் தெளிவாக இருக்காது. 1783 ஜூனில், சுதந்திரப் போர் முடிகிற நேரத்தில், நியூபர்க் முகாமில் போர்வீரர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, அச்சடித்த படிவத்தில் வாஷிங்டன் தன் கையால் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கூடவே அவருடைய செயலர் ஜோனதன் ட்ரம்புல் கையெழுத்தும் இருக்கும். பின்பக்கம் ஒரு குறிப்பு: சமாதான உடன்படிக்கை முறைப்படி உறுதியாகும்வரை இது விடுவிப்புச் சான்றாகச் செல்லாது. சம்பள பாக்கியைக் கொடுக்காமல் இந்தத் தாளைக் கொடுத்து அனுப்பினார்கள் பாவம். அது வீரனுக்குக் கொடுத்த தாள்தான், வாங்கலாம். ஆனால் 1818க்குப் பிறகு பென்ஷன் கேட்டு மனுப்போட்ட கிழவர்களில் பலர் அந்தத் தாளையே சான்றாக மனுவோடு இணைத்துவிட்டார்கள். இணைத்த நிமிடத்திலிருந்து அது அரசுக் கோப்பு. ஆகவே நியூபர்க் தாள் ஒன்று விற்பனைக்கு வந்தால், கோப்பு எண்ணோ, மடிப்பில் அலுவலகக் குறிப்போ பின்பக்கம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டேன்.

அதற்கு நேர்மாறானது ஜெஃபர்சன் கையெழுத்திட்ட சட்டப் பிரதிகள். 1789 செப்டம்பரில் வந்த விதியின்படி, காங்கிரஸ் நிறைவேற்றும் ஒவ்வொரு சட்டத்துக்கும் உறுதிசெய்த இரண்டு பிரதிகளை வெளியுறவுச் செயலர் மாநில ஆளுநர்களுக்கு அனுப்ப வேண்டும். 1790இல் அந்தப் பதவிக்கு வந்த ஜெஃபர்சன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். ஆளுநர் அலுவலகத்துக்குப் போன தாள்கள், ஆனால் வெகுகாலமாக வெளிப்படையாகப் பெரிய ஏலங்களில் கைமாறி வருகின்றன. இவற்றுக்குக் கைமாறிய வரலாறு எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது. உங்கள் பட்ஜெட்டுக்கு இது இப்போது வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கப்பல் பாஸ்போர்ட். வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையருக்குப் பயந்து, 1795இல் அல்ஜியர்ஸுடன் உடன்படிக்கை செய்தபின் அமெரிக்கக் கப்பல்களுக்குத் தோலில் அச்சடித்த மத்தியதரைக் கடல் பாஸ்போர்ட் கொடுத்தார்கள். படத்தோடு இருந்த மேல் பகுதியை அலை அலையாக வெட்டிக் கொள்ளையர் துறைமுகங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். நடுக்கடலில் கப்பலை நிறுத்தினால், இரண்டு துண்டும் பொருந்துகிறதா என்று வைத்துப் பார்ப்பார்கள். பழைய சினிமாவில் கிழிந்த ரூபாய் நோட்டின் இரண்டு பாதியைச் சேர்த்துப் பார்ப்பார்களே, அதேதான். அதனால் மேல்விளிம்பு வளைந்து வளைந்து இருந்தால் எலி கடித்ததென்று நினைக்க வேண்டாம்.

இதில் இன்னொரு விசித்திரம். அதிபர் வெற்றுப் படிவங்களில் மொத்தமாகக் கையெழுத்திட்டுத் துறைமுகங்களுக்கு அனுப்பிவிடுவார். கப்பல் பெயரையும் தேதியையும் சுங்க அதிகாரி பிறகு நிரப்புவார். ஆகவே கையெழுத்து மை ஒரு நிறம், நிரப்பிய மை வேறு நிறம் என்பது இங்கே நல்ல அறிகுறி. பதவி முடிந்த அதிபர் கையெழுத்தோடு பிந்தைய தேதி இருப்பதும் உண்டு. நிலப் பத்திரத்தில் சந்தேகப்பட வேண்டியது கப்பல் பாஸ்போர்ட்டில் இயல்பு. தாள் எந்த அலுவலகத்தில் எப்படிப் பிறந்தது என்று தெரியாமல் கையெழுத்தை மட்டும் உற்றுப் பார்த்துப் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான். காரைக்குடிக்காரருக்கு ஒரு கொசுறு: இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்கக் கப்பல், யுனைடெட் ஸ்டேட்ஸ் என்றே பெயர், 1784 டிசம்பரில் கரை சேர்ந்தது நம் பாண்டிச்சேரியில். அதன் பிறகு சென்னை, கல்கத்தா என்று வந்த கப்பல்களின் காகிதங்கள் எப்போதாவது ஏலத்தில் தலைகாட்டும். அதைக் காத்திருந்து பிடித்தால் சேகரிப்புக்கு ஒரு முகம் வரும்.

போலிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிலடெல்பியாவில் ராபர்ட் ஸ்பிரிங் என்றொருவர் பழைய புத்தகங்களின் வெற்றுத்தாளைக் கிழித்து, வாஷிங்டன் எழுதிய அனுமதிச் சீட்டும் காசோலையும் தயாரித்து வயிறு வளர்த்தார். 1876இல் செத்துப்போனார். இன்று அவர் செய்த போலிகளையே ஸ்பிரிங் போலி என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். ஆக, தாள் பழசு என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது.

மையைப் பார்க்கப் பழகுங்கள். அந்தக் கால மை என்பது மாசிக்காய், அன்னபேதி, பிசின். மூன்றும் இன்றைக்கும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வாங்கி நீங்களே காய்ச்சிப் பாருங்கள். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கறுக்கும், ஆண்டுகள் ஆக ஆகப் பழுப்பேறும். காகிதத்தில் நாருக்குள் இறங்கி நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தால், இறகுப் பேனா அழுத்தி இழுத்த இடம் தடித்தும் எடுத்த இடம் மெலிந்தும், முனை உலர்ந்து மறுபடி தொட்டு எழுதிய இடம் திடீரென இருண்டும் இருக்கும். முழுக் கையெழுத்தும் ஒரே அடர்த்தியில், தட்டையாக, நாருக்கு மேலே உட்கார்ந்திருந்தால் அது அச்சு. நான் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருடம், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த ஒரு வாஷிங்டன் கையெழுத்தைச் சட்டத்தைக் கழற்றாமலேயே வாங்கினேன். இரவு வீட்டில் கழற்றி லென்ஸை வைத்தபோது முழுக்க ஒரே சாம்பல் நிறம். கல்லச்சு. அந்தச் சட்டம் மட்டும் இன்னும் என் மேசையில் இருக்கிறது, குடும்பப் படத்தோடு.

புற ஊதா விளக்கு ஒன்று இருபது டாலருக்குள் கிடைக்கும். இருட்டில் அடித்துப் பாருங்கள். காகிதம் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டும் ரசாயனம் கலந்தது, சென்ற நூற்றாண்டின் பிற்பாதிச் சரக்கு. தோல் பத்திரமானால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கையெழுத்துக்குக் கீழே தோல் மெலிந்து தெரிகிறதா என்றும் பாருங்கள். தோலில் எழுதியதைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடலாம். டொனல்சன் வரியைச் சுரண்டிவிட்டால் உங்கள் பத்திரம் சாட்சியே இல்லாத ஜாக்சன் ஆகிவிடும்!

லேமினேட்: தயவுசெய்து வேண்டாம். ரேஷன் கார்டிலிருந்து பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரை உருக்கிய பிளாஸ்டிக்குள் போட்டு வைக்கிற நம் பழக்கம் எனக்குப் புரிகிறது. அந்தச் சூட்டில் தோல் சுருங்கும், பிறகு பிரிக்கவே முடியாது. இங்கேயும் பெரிய ஆவணக் காப்பகங்கள் ஒரு காலத்தில் லேமினேட் செய்துவிட்டு, இப்போது அதைப் பிரிக்கப் படாதபாடு படுகின்றன. அமிலமில்லாத அட்டை உறையில் படுக்கையாக வையுங்கள். ஹாலுக்கு ஒரு நல்ல வண்ண நகல் எடுத்து மாட்டுங்கள், வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. மாடி அறையும் வேண்டாம், நிலவறையும் வேண்டாம். தோல் ஈரத்தைக் குடித்து நெளியும், உலர்ந்தால் விறைக்கும். மனிதனுக்குச் சுகமான அறைதான் அதற்கும் சுகம்.

காரைக்குடிக்குக் கொண்டுபோவதைப் பற்றி: போகலாம், ஆனால் திரும்பி வருவது கஷ்டம். இந்தியாவின் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி, 75 வருடத்தைத் தாண்டிய வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகள் தொல்பொருள் கணக்கில் வரும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு எடுத்துப்போகத் தடை. "இது எங்களுடையது இல்லை, அமெரிக்காவினுடையது" என்று விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். செட்டிநாட்டு வீட்டுக் கோடையும் ஐப்பசி ஈரமும் தோலுக்கு ஆகாது. மகன் இங்கேயே இருந்தால் அவனிடமே இருக்கட்டும்.

பணம் திரும்பி வந்ததும் முதலில் என்ன வாங்குவது? நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. 1776 மார்ச் 25 தேதியிட்ட நியூ ஜெர்சிக் காகிதப் பணம். பர்லிங்டனில் ஐசக் காலின்ஸ் அச்சடித்தது. கள்ளநோட்டு அடித்தால் மரணம் என்ற எச்சரிக்கை அதிலேயே இருக்கும். ஒவ்வொரு நோட்டிலும் மூன்று பேர் பேனாவால் கையெழுத்திட்டார்கள். சில நோட்டுகளில் அந்த மூவரில் ஒருவர் ஹோப்வெல் விவசாயி ஜான் ஹார்ட். சில மாதங்களில் அவரே சுதந்திரப் பிரகடனத்திலும் ஒப்பமிட்டார். பிரகடனத்தில் ஒப்பமிட்டவர் கையெழுத்திலேயே ஆகக் குறைந்த செலவில் கிடைப்பது இதுதான், சில நூறு டாலர். இன்னொரு கோடியில் ஜார்ஜியாவின் பட்டன் க்வின்னெட் இருக்கிறார். பிரகடனத்துக்கு மறுவருடமே துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போனதால் அவர் கையெழுத்து ஐம்பது சொச்சம்தான் மிஞ்சியிருக்கிறது. 2010இல் ஒன்று 7,22,500 டாலருக்குப் போனது. நோட்டோ மக்கள் கையில் புழங்கவென்றே அரசு கொடுத்த தாள், எந்த மாநிலமும் வந்து கேட்காது.

வாங்கும்போது மூன்று பெயரையும் நிதானமாகப் படியுங்கள், எல்லா நோட்டிலும் ஹார்ட் இருக்க மாட்டார். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் யாரோ நூலால் தைத்து வைத்த நோட்டுகள்கூட வரும். புதுசு போலிருக்கும் நோட்டுக்கு நாணயச் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு விலையை ஏற்றிவிடுவார்கள், அது அவர்களுக்கே போகட்டும். ஓரம் சிதைந்திருந்தாலும் ஹார்ட் பெயர் தெளிவாகத் தெரிகிற நோட்டாகப் பார்த்து எடுங்கள். எடுப்பதற்கு முன், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் பிடித்து அனுப்புங்கள்.